கடலுக்கடியில் ஜோடியைத் தொலைக்காமல் இருக்க

சேலத்தில் கடல் இல்லை. ஆனால் விடியற்காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் புதுச்சேரி போய்விடலாம் என்பதால், ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) பழகியவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இருவர் இருவராக இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனபின் யார் எங்கே இருப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய தவறு, ஜோடிக்குப் பின்னால் நீந்துவது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வரிசையாக பைக் ஓட்டிய பழக்கம் போலும். பைக்கில் பின்னால் பார்க்கக் கண்ணாடி உண்டு. இங்கே மாஸ்க் போட்டதுமே பக்கவாட்டுப் பார்வை பாதி போய்விடும். பின்னால், அதுவும் சற்று மேலே மிதந்து வருகிறவரைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். முன்னால் போகிறவர் இடம், வலம், கீழே எல்லாம் பார்ப்பார். தலையை நிமிர்த்தினால் சிலிண்டர் இடிக்கும். ஆகவே ஒரே ஆழத்தில், தோளுக்குத் தோள் போங்கள். யார் இடம், யார் வலம் என்று படகிலேயே பேசிக்கொண்டு, நடுவில் மாற்றாதீர்கள். மூன்று பேர் என்றால் வழிகாட்டுபவர் நடுவில்.

அடுத்தது தூரக் கணக்கு. தண்ணீருக்குள் 4 மீட்டரில் இருப்பவர் 3 மீட்டரில் இருப்பதுபோலத் தெரிவார். "பக்கத்தில்தானே இருக்கிறான்" என்பது அங்கே செல்லாது. உங்கள் காற்று தீர்ந்துபோனால், ஜோடியின் காற்றைப் பகிர அந்தத் தூரத்தை மூச்சில்லாமல் கடக்க வேண்டும். இரண்டு உதைப்பில் எட்டிவிட வேண்டும். கலங்கல் என்றால் கைக்கெட்டும் தூரம். சிலிண்டரைத் தட்டிக் கூப்பிடலாம், சரி. ஆனால் நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால், எந்தப் பக்கத்துச் சத்தம் என்று காதுக்குப் பிடிபடாது.

கேமராக்காரர்கள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அவர்களைத் திருத்த முடியாது, ஜோடிதான் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

காணவில்லையா? ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், பிறகு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலே வாருங்கள். இருவரும் இப்படிச் செய்தால்தான் மேலே சந்திக்க முடியும். ஒருவர் மட்டும் கீழேயே தேடிக்கொண்டிருந்தால் காற்றுதான் கரையும்.

அப்புறம், டைவ் முடித்த அன்றே ஏற்காடு ஏறாதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு; உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது போகட்டும். அதுவரை ஜோடிக்கு மூட்டு வலி, மரமரப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.