சட்னி மாதிரி இருக்கும், சட்னி இல்லை: மெக்சிகன் கடையில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் எங்கள் குடியிருப்புக்கு அருகே ஒரு டாக்கேரியா, அதாவது டாக்கோ விற்கும் மெக்சிகன் கடை, இருந்தது. ஒரு பக்கம் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, இன்னொரு பக்கம் டயர் கடை, நடுவில் எட்டு மேசையோடு இது. உட்கார்ந்தவுடன் ஒரு கூடை சோளச் சிப்ஸும் இரண்டு கிண்ணங்களும் வந்தன. ஒரு கிண்ணத்தில் தக்காளிச் சட்னி நிறத்தில் ஏதோ இருந்தது. மற்றதில் இளம்பச்சையாக, வழவழவென்று, தேங்காய் சேர்த்து அரைத்த கொத்தமல்லிச் சட்னி மாதிரியே ஒன்று. இட்லிக்குத் தொட்டுக்கொள்வது போல் தாராளமாக அள்ளி வாயில் போட்டேன். அடுத்த ஐந்து நிமிடம் எதிரே இருந்தவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

அதில் தேங்காய் கிடையாது. பச்சை மிளகாயை வேகவைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து, எண்ணெயை மெதுவாக ஊற்றி மிக்ஸியில் அடித்தால் வெண்ணெய் போல் திரண்டு வரும் சால்சா அது. அந்த வழவழப்பைப் பார்த்து நாக்கு ஏமாந்துவிடுகிறது.

அதற்கப்புறம் எத்தனையோ மெக்சிகன் கடைகளில் சாப்பிட்டாகிவிட்டது. ஊரிலிருந்து வந்தவர்களையும் கூட்டிப் போயிருக்கிறேன். நம்மவர்கள் அங்கே செய்யும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: “அட, இது நம்ம சாப்பாடு மாதிரியேதானே!” டார்ட்டியா சப்பாத்தி, அதில் கறி வைத்து மடித்த டாக்கோ சப்பாத்தி ரோல், சால்சா சட்னி, பீன்ஸ் ராஜ்மா என்று மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு உள்ளே போகிறோம். போதாக்குறைக்கு நம் முகத்தைப் பார்த்துவிட்டு கல்லாவில் இருப்பவரும் ஸ்பானிஷில் பேச ஆரம்பித்துவிடுவார். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு தைரியம் வந்துவிடும்.

காரத்தில் காட்டும் வீறாப்பு

“நாங்க குண்டூர் மிளகாயையே பார்த்தவங்க” என்று சொல்லிவிட்டு சால்சாவை டாக்கோ மேல் கவிழ்க்கும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். மிளகாயை முதலில் பயிராக்கியதே மெக்சிகோ பக்கம்தான். போர்ச்சுகீசியர் கப்பலில் அது நமக்கு வந்து சேர்ந்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம்தான் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். இந்த விஷயத்தில் அவர்கள் மூத்தவர்கள், கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

சிவப்பு காரமாக இருக்கும், பச்சை சாதுவாக இருக்கும் என்று ஒரு கணக்கு போடுவோம் இல்லையா, அது இங்கே செல்லாது. சிவப்புக் கிண்ணத்தில் சுட்ட தக்காளி மட்டுமே இருக்கலாம். பச்சையில் செரானோ மிளகாய் இருக்கலாம். மிளகாயின் காரத்தைச் சொல்லும் ஸ்கோவில் அளவில் ஹலபேன்யோ 2,500 முதல் 8,000 வரை, செரானோ 10,000 முதல் 23,000 வரை, ஹபனேரோ ஒரு லட்சத்தில் தொடங்கி மூன்றரை லட்சம் வரை. மெக்சிகோவின் யுகடான் பக்கத்துச் சமையல் செய்யும் கடையில் ஊதா நிறத்தில் வெங்காய ஊறுகாய் ஒன்று வைப்பார்கள். பிரியாணிக்கு வைக்கும் வெங்காயம் போலவே இருக்கும். அதற்குள் ஹபனேரோ துண்டு ஒளிந்திருக்கும்.

“பீக்கா?” என்று கேட்டால் போதும், காரமா என்று அர்த்தம். ‘காலியெந்தே’ என்று கேட்காதீர்கள். அது சூடாக இருக்கிறதா என்ற கேள்வி, ஆமாம் என்று சொல்லி இன்னும் சுடவைத்துக் கொண்டுவருவார். ஒரு சொட்டை சிப்ஸ் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வாய் எரிந்தால் தண்ணீர் குடிப்பதில் பலன் இல்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பாலிலும் கொழுப்பிலும்தான் அடங்கும். க்ரேமா என்று ஒரு புளிப்பு க்ரீம் வைத்திருப்பார்கள், ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் சிப்ஸ் கூடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சஸில் பெரும்பாலும் இலவசம், காலியானால் மறுபடி நிரப்புவார்கள். இலவசம் என்பதாலேயே அதில் வயிற்றை நிரப்பிவிட்டு, வந்த சாப்பாட்டைப் பாதியில் டப்பாவில் கட்டிக்கொண்டு போகும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கலாம். அவகாடோவை மசித்த குவாக்கமோலே கேட்டால் மட்டும் பில்லில் ஏறும்.

டார்ட்டியாவைச் சப்பாத்தியாக நினைப்பது

கோதுமை மாவு, சோள மாவு என்று இரண்டு வகை உண்டு. நம்மவர்கள் பழக்கத்தில் கோதுமையையே கேட்பார்கள். கறியும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிய புரிட்டோவுக்கு அதுதான் சரி, அது வடமெக்சிகோ வழக்கம். டாக்கோவுக்குக் கோதுமை கேட்டால் பாதி ருசி போய்விடும். சோள டார்ட்டியா வெறும் மக்காச்சோள மாவைப் பிசைந்து சுட்டது அல்ல. முழுச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவிவிட்டு அரைப்பார்கள். ஆமாம், வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்புதான். சுடும்போது வரும் அந்த வாசனைக்கு அதுதான் காரணம். சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் சேர்வதும் அதனால்தான். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அதையே முழு உணவாகத் தின்ற ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது.

டாக்கோவில் இரண்டு டார்ட்டியா அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு “ரொட்டி அதிகம்” என்று ஒதுக்காதீர்கள். சாறு இறங்கி மேல் அடுக்கு கிழியும்போது கீழ் அடுக்கு தாங்கும். சிந்தியதை அள்ளி அதிலேயே இன்னொரு குட்டி டாக்கோ செய்துகொள்வதும் வழக்கம். முள்கரண்டியை ஓரமாக வைத்துவிடுங்கள். கையால் சாப்பிடத் தெரிந்த நாம் ஏன்தான் அங்கே போய்க் கரண்டியைத் தேடுகிறோமோ! விரலால் மடித்து, டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். எலுமிச்சையைப் பிழிந்த பிறகு, அதற்கு முன்னால் இல்லை.

அப்புறம் பார்சல். டாக்கோவைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் கார் ஓட்டினால் வீட்டில் திறக்கும்போது கூழாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வேண்டுமென்றால் கறியைப் பவுண்டு கணக்கில் தனியாகக் கேளுங்கள், டார்ட்டியா தனி, சால்சா தனி. பல கடைகளில் தருவார்கள்.

கறியின் பெயர் தெரியாமல் சொல்வது

பெரிய கம்பியில் கறியைக் கோத்துச் சுழலவிட்டு, ஓரத்தைச் சீவிப் போடுகிறார்கள். பார்த்ததும் ஷவர்மா என்று முடிவு கட்டிவிடுவோம். உறவும் உண்மைதான். லெபனான் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த முறைதான் பின்னால் ‘அல் பஸ்தோர்’ ஆனது. ஆனால் ஆட்டுக்கறி இருந்த இடத்தில் பன்றிக்கறி ஏறிவிட்டது, உச்சியில் ஓர் அன்னாசியும். பன்றி சாப்பிடாதவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். கார்னீத்தாஸ், சொரீசோ, சிச்சரோன் எல்லாம் பெரும்பாலும் பன்றி. ‘அசாதா’ என்று எழுதியிருந்தால் மாட்டுக்கறி. ‘போயோ’ கோழி. ‘பார்பகோவா’ டெக்சஸில் பெரும்பாலும் மாட்டுத்தலைக் கறி.

மாறாக, எல்லாக் கறியும் சாப்பிடுகிறவர்கள் பயந்துகொண்டு கோழியோடு நின்றுவிடுவதும் ஒரு தவறு. லெங்குவா நாக்கு, கபேசா தலைக்கறி, ட்ரிப்பாஸ் குடல். மதுரைக்காரர்களுக்கு இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது? சனி, ஞாயிறு காலையில் ‘மெனுதோ’ என்று ஒரு சூப் வைப்பார்கள். மாட்டு இரைப்பையை மணிக்கணக்கில் வேகவைத்து, மிளகாய் அரைத்து விட்டு, மேலே பச்சை வெங்காயமும் ஓரிகானோவும் தூவி. முதல்நாள் ராத்திரி அதிகமாகக் குடித்தவர்களுக்கு அது மருந்து என்பார்கள். இந்த ஓர் இடத்தில் நம் குடல் குழம்பு ஞாபகம் வந்தால் தப்பே இல்லை. மதியம் பன்னிரண்டுக்குப் போய்க் கேட்டால் பானை காலியாகியிருக்கும்.

‘அசல்’ பஞ்சாயத்து

மஞ்சள் சீஸ் உருகி வழியும் தட்டைப் பார்த்து “இது அசல் மெக்சிகன் கிடையாது” என்று நான்கு வீடியோ பார்த்தவர் சொல்வார். அது டெக்ஸ்-மெக்ஸ், டெக்சஸ் பாணி மெக்சிகன் சமையல்; அதற்கும் ஒரு வம்சம் உண்டு. சிப்ஸ் மேல் சீஸ் உருக்கிய நாச்சோஸ் பிறந்தது டெக்சஸ் எல்லையை ஒட்டிய பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மெக்சிகோ ஊரில், 1940-களின் தொடக்கத்தில். இக்னாசியோ அனாயா என்பவர் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது. இக்னாசியோவுக்குச் செல்லப்பெயர் நாச்சோ. ஹூஸ்டனிலேயே நின்ஃபா லொரென்சோ என்ற அம்மையார் 1973-ல் நேவிகேஷன் சாலையில் தன் டார்ட்டியா தொழிற்சாலையின் முன்பக்கத்தில் பத்து மேசை போட்டு, சுட்ட கறியைக் கீற்றாக நறுக்கி டார்ட்டியாவோடு தரும் ஃபஹீத்தாவை ஊரறியச் செய்தார். டெக்ஸ்-மெக்ஸ் கடையில் ஃபஹீத்தா கேளுங்கள், டாக்கேரியாவில் டாக்கோ கேளுங்கள். உடுப்பி ஓட்டலில் போய்ப் பரோட்டா சால்னா கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லலாமா?

குடிக்க கோலா வாங்கிவிடாதீர்கள். கண்ணாடி ஜாடிகளில் ‘அகுவா ஃப்ரெஸ்கா’ நிற்கும். தமரிந்தோ என்பது நம் புளிதான். கிட்டத்தட்ட பானகம், சுக்கும் ஏலக்காயும் மட்டும் இல்லை.

மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வையுங்கள். கொஞ்சம் பணமாகவும் கையில் இருக்கட்டும், சில கடைகளில் கார்டு எடுக்க மாட்டார்கள்.

சைவம் என்று நம்பிச் சாப்பிடுவது

கடைசியாகச் சொன்னாலும் பெரிய தவறு இதுதான். நானே செய்தது.

அம்மா சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்தபோது, பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு மெக்சிகன் கடையில் நிறுத்துவோம். அம்மாவுக்குச் சிவப்புச் சாதமும் மசித்த பீன்ஸும் சொல்வேன். தக்காளி சாதமும் பருப்பும் மாதிரி இருக்கிறது என்று திருப்தியாகச் சாப்பிடுவார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சமையலறைக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் இருந்த பீன்ஸில் வெள்ளையாக ஒரு கரண்டி எதையோ போட்டார்கள். டப்பாவில் ‘மன்தேகா’ என்று எழுதியிருந்தது. பன்றிக் கொழுப்பு. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மசித்த பீன்ஸில் மன்தேகா போடுவது பழைய வழக்கம். பல கடைகள் இப்போது எண்ணெய்க்கு மாறியிருக்கின்றன, கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். சிவப்புச் சாதம் கோழி வேகவைத்த தண்ணீரிலோ கோழிப்பொடி கரைத்தோ வைக்கப்பட்டிருக்கலாம். சார்ரோ பீன்ஸில் பேக்கன் என்ற பன்றிக்கறி. ஆவியில் வேகவைக்கும் தமாலேயின் மாவிலும் சில கோதுமை டார்ட்டியாவிலும் அதே கொழுப்பு. சீஸ் நிரப்பிய சிலே ரெயேனோ என்ற பெரிய மிளகாய், நம் பஜ்ஜிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். மேல் மாவில் முட்டை வெள்ளைக்கரு.

“சின் கார்னே”, அதாவது கறி இல்லாமல், என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பேச்சுவழக்கில் கார்னே என்றால் பலருக்கு மாட்டுக்கறிதான். கோழி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீங்கள் ஏன் விழிக்கிறீர்கள் என்று அவர் விழிப்பார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கறியில்லாப் பலகாரம் என்று பலகை வைப்பார்கள். மீனும் இறாலும் அதில் உண்டு. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதுதான் வழி: மன்தேகா இருக்கிறதா, கோழி வேகவைத்த ‘கால்தோ’ தண்ணீர் ஊற்றியதா, என்று.

தைரியமாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. பொப்லானோ மிளகாயைச் சுட்டு உரித்து க்ரீமோடு வதக்கிய ‘ராஹாஸ்’. டார்ட்டியாவில் சீஸோடு பூசணிப்பூ வைத்துச் சுட்ட கேசடியா. அப்புறம் ‘நோபாலேஸ்’.

மன்தேகா விஷயத்துக்குப் பிராயச்சித்தம் மாதிரி ஒருநாள் அம்மாவுக்கு அதைத்தான் வாங்கினேன். எண்ணெயில்தானே வதக்கினீர்கள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான். பச்சையாக, நீளநீளமாக நறுக்கி, வெங்காயம் தக்காளியோடு வதக்கியிருந்தார்கள். வெண்டைக்காய் மாதிரி கொஞ்சம் கொழகொழப்பு, கொஞ்சம் புளிப்பு. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்ன காய் என்று கேட்டார். போனில் படம் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“சப்பாத்திக்கள்ளிடா இது. கம்மாய்க்கரையில வேலிக்கு நிக்குமே.”

“ஆமாம்மா. இந்த ஊர்லேருந்துதான் நம்ம ஊருக்கு வந்ததாம்.”

சின்ன வயதில் அதன் பழத்தை முள் எடுத்துத் தின்று வாயெல்லாம் சிவந்து வீட்டில் அடி வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தார். கடைசித் துண்டை எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“பழத்தத் தின்னுட்டு மடல விட்டுட்டமேடா.”