டயர் விளக்கு எரிந்தால் ரீசெட்டை முதலில் தொடாதீர்கள்

போன வருடம் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் டேஷ்போர்டில், டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. ஓரமாக நிறுத்தி நான்கு டயரையும் பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன. முந்தின நாள்தான் பங்கில் காற்றுப் பிடித்திருந்தேன். சென்சார்தான் தப்பாகச் சொல்கிறது என்று முடிவு செய்து ரீசெட் பட்டனை அழுத்தினேன். விளக்கு அணைந்தது.

திண்டிவனம் நெருங்கும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது. முன் டயரில் ஆணி. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர் தூள் கொட்டியது. காற்று குறைந்த நிலையில் ஓடியதில் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், உள்பக்கம் அரைபட்டிருந்தது. ஓட்டை சின்னதுதான், ஆனால் அந்த டயரை இனி ஒட்டி ஓட்டக் கூடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஒரே நேரத்தில் இரண்டு தவறு செய்திருக்கிறேன். முதலாவது, கண்ணை நம்பியது. ரேடியல் டயரில் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 22 இருந்தாலும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்து அளந்தால்தான் உண்டு. சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள்.

இரண்டாவது, அளக்காமலே ரீசெட்டை அழுத்தியது. இதுதான் பெரிய தவறு. டயர் பிரஷர் சிஸ்டத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சென்சார் இருக்கும், அது காற்றழுத்தத்தை நேரடியாக அளந்து சொல்லும். இன்னொன்றில் உள்ளே சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு துளி குறைவதால் அது மற்ற மூன்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார்கள் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. இந்த வகையில் ரீசெட் அழுத்தினால், ‘இப்போது இருக்கும் நிலைதான் சரியான நிலை’ என்று வண்டிக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஆணி குத்திய டயரையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வர வேண்டிய எச்சரிக்கை தாமதமாகும், வராமலும் போகலாம். அளந்து, நான்கிலும் சரியான காற்றைப் பிடித்த பிறகுதான் ரீசெட்.

விளக்கு எரியாத வரை கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இந்த சிஸ்டம் கட்டாயம். அங்கே சட்டம் கேட்பதே, காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான். 33 என்றால் ஏறத்தாழ 25 பிஎஸ்ஐ. அதுவரை டயர் சூடாகி, ஓரம் தேய்ந்து, பெட்ரோலையும் குடித்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை அளப்பதை விளக்கை நம்பி விட்டுவிடாதீர்கள்.

சூடான டயரில் அளந்து காற்றை இறக்குவதை நிறையப் பேர் செய்கிறார்கள். டயர் வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ வரை ஏறும். காலையில் 33 இருந்த டயர் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் 37 காட்டுவது சகஜம். அதிகமாக இருக்கிறதே என்று 33க்கு இறக்கினால், மறுநாள் காலை ஆறிய டயரில் 29தான் இருக்கும். மார்கழி காலையில் விளக்கு எரிந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்துவிடுகிறதா? தானாகச் சரியாகிவிட்டது என்று விட வேண்டாம், காற்று ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளப்பதே சரியான அளவு.

எவ்வளவு பிடிப்பது? டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. அது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள், சாமான் நிறைய ஏற்றினால் பின் டயருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள்.

விளக்கு சிமிட்டினால் விஷயம் வேறு. பல வண்டிகளில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் சிஸ்டத்திலேயே கோளாறு என்று அர்த்தம். சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி பொதுவாக ஐந்து முதல் பத்து வருடம் வரும். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டினாலும் இந்த விளக்கு வரலாம்.

அதே டயருக்கு வாரா வாரம் காற்றுப் பிடிக்க வேண்டியிருந்தால் பங்கை விட்டுப் பஞ்சர் கடைக்குப் போங்கள். ஆணி, வால்வு, ரிம் விளிம்பு என்று எங்கோ கசிகிறது. இந்தியாவில் 2020 அக்டோபர் முதல் இந்த டயர் பிரஷர் சிஸ்டமும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதி மாறியிருக்கிறது. உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள், இருந்தால் அதிலும் காற்றை அளந்துவிடுங்கள்.

அப்புறம், உங்களுடையது சக்கரத்துக்குள் சென்சார் உள்ள வகை என்றால், பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன்பே ‘அண்ணே, உள்ளே சென்சார் இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் வால்வு பக்கம் கம்பி போட்டு நெம்பினால் சென்சார் உடைந்துவிடும்.