இரண்டு சர்வர் கிளஸ்டர்: நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம்

போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு தம்பி தான் கட்டிய கிளஸ்டரைக் காட்டினான். இரண்டு சர்வர், அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் கோரோசிங்க், எந்த வேலை எந்த சர்வரில் ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் பேஸ்மேக்கர், மேலே அப்பாச்சி என்ற வெப் சர்வர். ஒன்றை நிறுத்தினால் மற்றது சட்டென்று எடுத்துக்கொள்கிறது. கான்ஃபிகரேஷனைத் திறந்தால் ஸ்டோனித்-எனேபிள்ட் என்ற இடத்தில் ஃபால்ஸ். அதாவது, பதில் தராத சர்வரை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஃபென்சிங்கை அணைத்து வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "ஆன்ல வெச்சா ஒரு ரிசோர்ஸும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதுங்ணா" என்றான். ரிசோர்ஸ் என்றால் அப்பாச்சி, ஐபி மாதிரி பேஸ்மேக்கர் கவனிக்கும் ஒவ்வொன்றும். நானும் ஒரு காலத்தில் அதே காரணத்துக்காக அதே வரியை எழுதியவன்.

இப்படிக் கிளஸ்டர் கட்டும்போது நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பேக்கப், பாஸ்வேர்டு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஃபென்சிங்கை அணைத்து வைப்பது

பக்கத்து சர்வரின் குரல் கேட்கவில்லை என்றால் அது செத்துவிட்டதா, நடுவில் கேபிள் அறுந்ததா என்று இந்த சர்வருக்குத் தெரியாது. அதனால்தான் முதலில் அதன் கரண்ட்டைப் பிடுங்கு, பிறகு வேலையை எடு என்கிறது ஃபென்சிங். அப்படிக் கரண்ட்டைப் பிடுங்கும் சாதனம் எதையும் அமைக்காதபோது பேஸ்மேக்கர் ரிசோர்ஸைத் தொடங்க மறுப்பது கோளாறு அல்ல, எச்சரிக்கை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் தளம் அமைத்தேன். டேட்டாபேஸ், ஒரு சர்வரின் டிஸ்க்கை மற்றதில் உடனுக்குடன் நகலெடுக்கும் டிஆர்பிடியில் இருந்தது. கோரோசிங்க்கின் பேச்சும் டிஆர்பிடியின் நகலும் ஒரே ஒரு சின்ன கேபிளில் போயின. அந்தக் கேபிளின் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. ஏசி சர்வீஸுக்கு வந்தவர் ரேக்கைக் கொஞ்சம் நகர்த்தியதும் அது கழன்றுவிட்டது.

இரண்டு சர்வரும் தானே முதன்மை என்று எழுந்துகொண்டன. வேலை செய்யும் சர்வருக்கு மட்டும் போக வேண்டிய மிதக்கும் ஐபியும் இரண்டிலும் இருந்தது. சிலருடைய ஆர்டர் ஒன்றில் விழுந்தது, மற்றவர்களுடையது இன்னொன்றில். தளம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, யாரும் சந்தேகப்படவில்லை. சாயங்காலம் கணக்குப் பார்க்கும் அம்மா கூப்பிட்டார்: "ஏனுங்க, காலையில நான் போட்ட ஆர்டரக் காணமுங்க."

கேபிளை மாட்டியதும் டிஆர்பிடி பிளவைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டித்தது. இரண்டு பக்கத்தையும் அதனால் ஒன்றாகச் சேர்க்க முடியாது, ஒரு பக்கத்தை வீசியே ஆக வேண்டும். அதைவிடக் கொடுமை ஆர்டர் எண்கள். இரண்டு டேட்டாபேஸும் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டே போனதால், ஒரே எண்ணில் ஒரு பக்கம் குழந்தைகள் டி-சர்ட், மறுபக்கம் உள்பனியன். அந்த அம்மாவும் நானும் இரண்டு ராத்திரி பிரின்ட் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். இன்றைக்கும் அந்த ஃபால்ஸைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

சரி, எப்படிச் செய்வது? சர்வரைத் தூரத்திலிருந்தே அணைக்க உதவும் அதன் ஐபிஎம்ஐ வழியாக ஃபென்சிங் அமைக்கலாம். ஆனால் ஐபிஎம்ஐ அந்த சர்வரின் கரண்ட்டிலேயே வாழ்கிறது. மின்சாரம் அடியோடு போனால் பதில் வராது, உயிரோடு இருக்கும் சர்வரும் காத்துக்கொண்டே நிற்கும். அதனால் தூரத்திலிருந்து சுவிட்ச் செய்யக்கூடிய பிடியூ (சர்வர்களுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பட்டை) ஒன்றை இரண்டாம் நிலையாக வையுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அணைத்துவிடாமல் இருக்க, ஒரு பக்கத்து ஃபென்சிங்குக்கு மட்டும் சில விநாடி தாமதம் கொடுங்கள். கோரோசிங்க்குக்கு இரண்டாவது பாதை கட்டாயம். முடிந்தால் வேறொரு மெஷினில் கியூடிவைஸ் என்ற நடுவரை வைத்து, பிளவு வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவுசெய்ய மூன்றாவது வாக்கையும் கொடுங்கள்.

அப்பாச்சியை சிஸ்டம்டியிலும் எனேபிள் செய்வது

வேண்டாம். சிஸ்டம்டியில் எனேபிள் செய்தால் சர்வர் எழும்போதே அது அப்பாச்சியைத் தொடங்கிவிடும். தொடங்குவதும் நிறுத்துவதும் பேஸ்மேக்கர் மட்டும்தான்.

கீப்அலைவ்ட் மாதிரிக் கோப்பை அப்படியே ஒட்டுவது

கீப்அலைவ்ட் என்பது மிதக்கும் ஐபியை சர்வர்களுக்கிடையே மாற்றும் இன்னொரு மென்பொருள். அதன் மாதிரியில், ஒரு சர்வர் குழுவை அடையாளம் காட்டும் விர்ச்சுவல் ரவுட்டர் ஐடி 51 என்று இருக்கும். ஒரே நெட்வொர்க்கில் இன்னொருவரும் 51 வைத்திருந்தால் இரண்டு அமைப்பும் குழம்பும். 1 முதல் 255 வரை இருக்கிறது, வேறொன்றை எடுங்கள்.

இரண்டு சர்வரும் ஒரே யூபிஎஸ்ஸில்

கூடவே கூடாது.

போர்ட் திறந்திருந்தால் நலம் என்று நம்புவது

80-ஆம் போர்ட் திறந்திருக்கும், பின்னால் டேட்டாபேஸ் பதில் தராமல் தொங்கிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸைத் தொட்டுப் பதில் தரும் ஒரு பக்கத்தைச் சோதியுங்கள்.

கமாண்ட் போட்டு நிறுத்திப் பார்ப்பது

அது ஒழுங்கான விடைபெறல். உண்மையான விபத்து அப்படி வருவதில்லை. அந்தத் தம்பியை உட்காரவைத்து ஃபென்சிங் அமைத்தோம். அப்புறம் கோரோசிங்க் போகும் இரண்டு கேபிளையும் அவனையே உருவச் சொன்னேன். சில விநாடியில் ஒரு சர்வரின் ஃபேன் சத்தம் நின்றது. தளம் நிற்கவில்லை.