பத்தாங்காலியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு: நகர ரயிலில் வழி தவறாமல் செல்வது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் பத்தாங்காலியில் தோட்ட வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் பலர், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, அந்நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் வரை கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் துணிவாகச் சென்றுவிடுகிறார்கள். ஆனால் அங்கிருந்து எம்.ஆர்.டி. என்னும் நகர ரயிலை எடுக்கத் தயங்கி டாக்சியைத் தேடுகிறார்கள். இந்தத் தயக்கம் தீர ஒரு பழக்கம் போதும். ஏறுவதற்கு முன் தடத்தின் பெயரையும், நீங்கள் போகும் திசையின் கடைசி நிலையத்தையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும். நடைமேடைப் பலகைகள் திசையைக் கடைசி நிலையத்தின் பெயரால்தான் காட்டுகின்றன.

முதலில், ஆளுக்கு ஒரு டச் அண்ட் கோ கட்டண அட்டையில் போதிய பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது.

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டரை விட்டு வெளியேறி, இணைப்புப் பாதை வழியாக மூசியம் நெகாரா எம்.ஆர்.டி. நிலையத்துக்கு நடந்து செல்லுங்கள். அங்கு பச்சை நிறக் காஜாங் தடத்தில், காஜாங் நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறினால், நான்காவது நிறுத்தம் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச். அங்கே இறங்கி, மஞ்சள் நிறப் புத்ராஜெயா தடத்தில், குவாசா டாமன்சாரா நோக்கிச் செல்லும் ரயிலுக்கு மாறுங்கள். வெளிவாயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஐந்தாவது நிறுத்தம் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர்.

துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில்தான் மிகுந்த கவனம் தேவை. காஜாங் தடமும் புத்ராஜெயா தடமும் குவாசா டாமன்சாராவில்தான் முடிகின்றன. ஆகவே இரண்டு ரயில்களிலும் அதே பெயர் இருக்கும். என் அம்மா முதன்முறை தனியாகச் சென்றபோது, பெயரை மட்டும் பார்த்துப் பச்சைத் தட ரயிலில் ஏறி, பசார் செனி வந்த பிறகே தாம் வந்த வழியே திரும்பிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். இப்போது அவருடைய கிளினிக் அட்டையின் பின்புறம், "மஞ்சள், குவாசா டாமன்சாரா, ஐந்து நிறுத்தம்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நிறுத்தங்களை விரல்விட்டு எண்ணுவதே நல்லது. 1933இல் லண்டனில் ஹாரி பெக் வரைந்து வெளிவந்த சுரங்க ரயில் தடப் படத்தைப் போலவே நம் ரயில் தடப் படமும் நேர்கோடுகளால் ஆனது என்பதால், அதில் தெரியும் இடைவெளியை வைத்து உண்மையான தூரத்தைக் கணிக்க முடியாது.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும். பாரிஸிலும் டெல்லியிலும் கடைசி நிலையத்தின் பெயரே திசை. சியோலின் 2ஆம் தடத்தில் வட்டமாகச் சுற்றும் ரயில்களுக்குக் கடைசி நிலையம் கிடையாது. அங்கு உள்வட்டமா வெளிவட்டமா என்று பார்த்து ஏற வேண்டும். மாஸ்கோவின் வட்டத் தடத்திலோ காதே வழிகாட்டும்: கடிகாரச் சுற்றில் செல்லும் ரயிலில் ஆண் குரலும், எதிர்ச்சுற்றில் பெண் குரலும் நிலையங்களை அறிவிக்கின்றன. சிங்கப்பூர் செல்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். அங்கு ரயிலுக்குள் உண்பதற்கும் குடிப்பதற்கும் 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் உண்டு. மாத்திரை போட வேண்டிய பெரியவர்கள் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே போட்டுக்கொள்ளட்டும்.