மருத்துவர், செவிலியர் பயிலரங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறக்கும் 100 குழந்தைகளில் பெரும்பாலானவை தாமாகவே மூச்சு விட்டு அழுதுவிடுகின்றன. சுமார் 10 குழந்தைகளுக்கு நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். சுமார் 5 குழந்தைகளுக்கு ஆம்பு பையும் (கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் பை) மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த உதவி பிறந்த முதல் நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால்தான் அதைப் பொன் நிமிடம் என்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியருக்கு அந்த ஒரு நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்ட நேரமிருக்காது, யாரையும் தொலைபேசியில் அழைக்கவும் முடியாது. பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிலரங்குகளில் பல ஆண்டுகளாகப் பயிற்றுநராக நின்றவன் என்ற முறையில், இவற்றில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நிமிடத்தை மறந்துவிட்டு அரங்கத்தையும் சான்றிதழையும் மட்டும் நினைத்துத் திட்டமிடுவதால் வருபவை என்று உறுதியாகச் சொல்வேன்.

தவறு தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பெயர்பெற்ற பேச்சாளர் ஒருவர் அந்த வாரம் ஊருக்கு வருகிறார் என்றால், அவருக்குப் பிடித்த பொருளே பயிலரங்கின் பொருளாகிவிடுகிறது. அப்படிச் செய்யாமல், பங்கேற்கப்போகும் மருத்துவமனைகளின் பிரசவப் பதிவேட்டையும், மேல் மருத்துவமனைக்கு அனுப்பியவர்களின் பதிவேட்டையும், மரணத் தணிக்கைக் கூட்டக் குறிப்புகளையும் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்பது அவற்றிலேயே எழுதியிருக்கும். குழந்தையைக் குளிரவிட்டு அனுப்புவதே ஒரு வட்டாரத்தின் சிக்கல் என்றால், அங்கே வென்டிலேட்டரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசி எந்தப் பயனும் இல்லை.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: பேச்சு மிகுந்து, செய்து பழகும் நேரம் சுருங்கிப்போவது. வெறும் விரிவுரைகள் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை, பங்கேற்பவர்கள் தாமே செய்து பார்க்கும் அமர்வுகள்தாம் மாற்றுகின்றன என்று டேவ் டேவிஸ் குழுவினர் 14 ஆய்வுகளைத் தொகுத்து 1999-இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிவிட்டார்கள். இருந்தும் நம் நிகழ்ச்சி நிரல்களில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, ஐந்து பவர்பாயிண்ட் உரைகள் ஆகியவை போக மிஞ்சியதுதான் கைப்பயிற்சிக்கு என்ற நிலை இன்னும் மாறவில்லை. 60 பேர், பயிற்சிக்கான 3 குழந்தைப் பொம்மைகள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்குக் கிடைப்பது 3 நிமிடம். பயிற்றுநர் விளக்கிச் சொல்வதும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கம்.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். நானே ஏற்பாடு செய்த பயிலரங்கு அது. காலை உரைகள் இழுத்துக்கொண்டே போனதால் செய்முறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தொடங்கியது. வரிசையின் கடைசியில் நின்ற ஒரு செவிலியர் மாஸ்க்கைப் பொம்மையின் முகத்தில் வைத்துப் பையை அழுத்தினார், மார்பு எழவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். காற்று ஓரத்தில் சீறிக்கொண்டு வெளியேறியது. மாஸ்க்கின் கீழ் விளிம்பு தாடையைத் தாண்டி இறங்கியிருந்தது, தலை மார்பை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. தோளுக்கு அடியில் துணியை மடித்து வைத்து, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளையமாக அமர, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பை மாஸ்க்கை நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். நான்காவது முயற்சியில் மார்பு எழுந்தது. நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை என்ற கணக்கில், ‘அழுத்து, விடு, விடு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர் கொடுக்கத் தொடங்கியபோது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கைக்குப் பிடி வசப்பட்ட அந்தக் கணத்தில் பயிற்சியை நிறுத்தியது என் நிகழ்ச்சி நிரல்தான். அதற்குப் பிறகு ஒரு பொம்மைக்கு ஆறு பேருக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. ஒரே நாளில் 60 பேரைக் கூட்டுவதை விட்டுவிட்டு, இரண்டு அல்லது மூன்று நாள்களாகப் பிரித்து நடத்துகிறேன்.

கற்றுத்தரும் கருவிக்கும் அவர்கள் ஊரில் இருக்கும் கருவிக்கும் பொருத்தம் பார்க்காததும் இதே வகைத் தவறுதான். மருத்துவக் கல்லூரியில் இருக்கும் அழுத்தம் காட்டும் நவீனக் கருவியில் பழகிவிட்டு, சாதாரண ஆம்பு பை மட்டுமே இருக்கும் இடத்துக்குத் திரும்புபவருக்கு அந்தப் பழக்கம் உதவாது. அவரவர் பிரசவ அறையில் இருக்கும் பையையும், நிறைமாதக் குழந்தைக்கான 1-ஆம் எண், குறைமாதக் குழந்தைக்கான 0-ஆம் எண் மாஸ்க்குகளையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கிழிந்த ரப்பரும் அடைத்துக்கொண்ட வால்வும் அன்றே கண்ணில் படும்.

மருத்துவர்களுக்கு ஒரு நாள், செவிலியர்களுக்கு வேறொரு நாள் என்று பிரித்து நடத்துவது வசதியானது. ஆனால் பிரசவ அறையில் அவர்கள் பிரிந்து வேலை செய்வதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள சவுத்மீட் மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டு முதல் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், மருத்துவச்சி என எல்லோருக்கும் தங்கள் சொந்த மருத்துவமனையிலேயே ஒன்றாக அவசரநிலைப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சிக்கு முந்தைய 1998-99 காலத்தில் 10,000 பிறப்புக்கு 27.3 ஆக இருந்த, ஆக்சிஜன் குறைவால் ஏற்படும் மூளைப் பாதிப்பு, 2001-03 காலத்தில் 13.6 ஆகக் குறைந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் முழுப் பெருமையும் பயிற்சிக்கே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒருவர் தவறாமல் எல்லோரும், அன்றாடம் சேர்ந்து வேலை செய்பவர்களோடே, வேலை செய்யும் இடத்திலேயே பழகினார்கள் என்பதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

கலந்து நடத்தும்போது மொழியைக் கவனிக்க வேண்டும். மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்தினால், செவிலியர்கள் தலையசைப்பார்கள். சந்தேகம் கேட்க மாட்டார்கள். பிரசவ அறையில் ‘சிஸ்டர், ஹார்ட் ரேட் பாருங்க’ என்று எந்தத் தமிழில் பேசுகிறோமோ, அந்தத் தமிழிலேயே பயிற்சியும் நடக்கலாம்.

தவறு செய்தவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் பயிற்றுநரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. இருபது ஆண்டு பணியாற்றிய ஒரு மூத்த செவிலியரிடம், பயிற்சி மருத்துவர்கள் சூழ நிற்க, ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்டுவிட்டால் அவர் அதற்குப் பிறகு பொம்மையின் பக்கமே வரமாட்டார். மற்றவர்களும் தங்கள் தடுமாற்றத்தை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள், மறைத்த தடுமாற்றம் திருத்தப்படாமலே பிரசவ அறைக்குப் போய்ச் சேரும். ஒத்திகை முடிந்ததும் உட்கார்ந்து, ‘எந்த இடத்தில் கடினமாக இருந்தது?’ என்று முதலில் அவரையே பேசவிட்டு, பிறகு ஒரே ஒரு திருத்தத்தைச் சொல்லி, உடனே மறுபடி செய்யவிடுவது எனக்குத் தெரிந்தவரை நன்றாகப் பலன் தருகிறது.

மாலையில் இருபது கொள்குறி வினாக்கள் கொடுத்து, காலை மதிப்பெண்ணைவிட மாலை மதிப்பெண் கூடியிருக்கிறது என்று அறிக்கை எழுதுவதும் போதாது. அன்று கேட்டதை அன்றே நினைவுகூர முடிகிறது என்பதை மட்டுமே அது காட்டும். பயிற்சி மதிப்பீட்டு வல்லுநர் டொனால்டு கர்க்பேட்ரிக் 1959-இலேயே பயிற்சியின் பலனை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: பங்கேற்றவர் மனநிறைவு, கற்றது, பணியிடத்தில் நடத்தை மாற்றம், இறுதி விளைவு. நாம் பெரும்பாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறோம். அழுத்தினால் மார்பு எழுகிறதா, எழாவிட்டால் மாஸ்க்கையும் தலையையும் சரிசெய்கிறாரா, சளியை நீக்குகிறாரா, வாயைத் திறந்து வைக்கிறாரா என்று கண்ணால் பார்த்துக் குறிக்கும் ஒரு பக்கப் பட்டியல், இருபது வினாக்களைவிட அதிகம் சொல்லும்.

அப்படித் தேறியவருக்கும் கைப்பழக்கம் நிலைத்து நிற்பதில்லை. உயிர்மீட்புத் திறன்கள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகின்றன என்பது திரும்பத் திரும்ப அளந்து பார்த்த உண்மை. சான்றிதழோ இரண்டு ஆண்டு செல்லும் என்று சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே பயிலரங்குக்கான பட்ஜெட்டிலேயே ஒரு பொம்மையைப் பிரசவ அறையில் விட்டுவரவும், பணி மாறும் நேரத்தில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பழகவும் வழிசெய்துவிட வேண்டும். மூன்றாம் மாதம் பயிற்றுநர் ஒருமுறை நேரில் போய்வருவது அதனினும் முக்கியம்.

செலவை மருந்து நிறுவனம் ஏற்பது குறித்தும் எச்சரிக்கை வேண்டும். ஒன்றிய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட சந்தைப்படுத்தல் நெறிமுறைகள், வெளிநாட்டில் இத்தகைய நிகழ்ச்சிகளை நிறுவனங்கள் நடத்துவதைத் தடுக்கின்றன. பேச்சாளர் அல்லாத மருத்துவர்களுக்குப் பயணச் செலவும் தங்கும் செலவும் தருவதையும் அனுமதிப்பதில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, எதைக் கற்பிப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் பணம் தருபவர் உட்காரக் கூடாது.

பங்கேற்பவர்கள் பக்கமும் தவறுகள் உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், மருத்துவர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு 6 மணி நேரம்தான். அதைக்கூடக் கடைசி ஆண்டுவரை தள்ளிப்போட்டு, பதிவைப் புதுப்பிக்கும் நேரத்தில் கிடைத்த நிகழ்ச்சியில் எல்லாம் கையெழுத்திட்டு, சாப்பாட்டோடு கிளம்புபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து மாலைவரை இருங்கள், பொம்மையின் மீது உங்கள் கையை வையுங்கள். முடிந்தால் தனியாக வராமல் உங்கள் பிரசவ அறையிலிருந்து இன்னொருவரையும் அழைத்து வாருங்கள். திரும்பிப் போய் ஒரு மாற்றம் செய்ய நினைக்கும்போது துணை தேவைப்படும்.

நான் மூன்றாம் மாதம் நேரில் போகத் தொடங்கிய புதிதில், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆம்பு பை எங்கே என்று கேட்டேன். தொலைந்துவிடக் கூடாது என்று ஸ்டோர் அறை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி பகல் பணியில் இருப்பவரிடம் இருந்தது. அன்று மாலையே, பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரின் பக்கவாட்டில் ஒரு கொக்கி அடித்து, பையையும் இரண்டு மாஸ்க்குகளையும் அதில் மாட்டினோம்.