ஆங்கிலத்தில் உதவி கேட்கும்போது மரியாதை எங்கே நழுவுகிறது?

"அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்புங்கள்" என்று தமிழில் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'கொஞ்சம்' இருக்கிறது, 'ங்கள்' இருக்கிறது. அதையே "செண்ட் மீ த ஃபைல்" என்று சொல்லும்போது இரண்டும் உதிர்ந்து, கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். மரியாதை விகுதியும் கிடையாது. அதனால் பணிவைப் பெரும்பாலும் கேள்வி வடிவம்தான் சுமக்கிறது. இதை மறந்துவிட்டு, தமிழ் வாக்கியத்தை அப்படியே மாற்றிப் போடுவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

'ப்ளீஸ்' சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "செண்ட் மீ த ஃபைல், ப்ளீஸ்" என்பதும் கட்டளைதான். "குட் யூ செண்ட் மீ த ஃபைல்?" என்று கேளுங்கள். நண்பர்களிடம் 'கேன் யூ' போதும். பழக்கமில்லாதவரிடம் பெரிய உதவி கேட்கும்போது "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்..." என்று தொடங்கலாம். 'வாஸ்' இறந்தகாலமாயிற்றே என்று குழம்ப வேண்டாம். முடியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் விடுவதற்காக ஒரு அடி தள்ளி நின்று கேட்கிறோம், அவ்வளவுதான். எனக்கு ஆங்கிலத்தில் மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் 'வுட் யூ மைண்ட்'. "வுட் யூ மைண்ட் ஓபனிங் த விண்டோ?" என்றால், ஜன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று பொருள். உதவும் எண்ணத்தோடு வெறும் 'எஸ்' சொன்னால், 'ஆமாம், ஆட்சேபணை உண்டு' என்றாகிவிடும். "நோ, நாட் அட் ஆல்" என்பதுதான் சம்மதம். "ஷ்யூர்" என்றாலும் சரி. அப்புறம், 'மைண்ட்' என்பதற்குப் பின்னால் 'டு ஓபன்' வராது. 'ஓபனிங்' என்றுதான் வரும்.

நாம் 'ஒரு உதவி' என்போம். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'ஹெல்ப்' எண்ண முடியாத சொல். ஆகவே "ஐ நீட் எ ஹெல்ப்" தவறு, "ஐ நீட் சம் ஹெல்ப்" சரி. புரியாததைக் கேட்க "ஐ ஹேவ் எ டவுட்" என்றால், வெளிநாட்டவருக்கு அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று படலாம். 'க்வெஸ்டின்' என்று சொல்லுங்கள். இரவல் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. "டூ த நீட்ஃபுல்" (ஆவன செய்யுங்கள்) என்ற பழைய கடித வழக்கை விட்டுவிடலாம். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதுவதே படிப்பவருக்குப் பெரிய மரியாதை.

உதவ முன்வரும்போதும் இதே சிக்கல்தான். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது தமிழில் கனிவான கேள்வி. "வாட் டூ யூ வாண்ட்?" என்றால் விரட்டுவது போல ஒலிக்கும். "ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?" என்று கேளுங்கள். 'நான் செய்யட்டுமா?' என்பதற்கு 'வில் ஐ' என்று தொடங்காமல் 'ஷல் ஐ' அல்லது 'வுட் யூ லைக் மீ டு' என்று தொடங்குங்கள். கனமான பையோடு தடுமாறுபவரிடம் "யூ காண்ட் டூ இட்" என்று சொல்லிப் பையை வாங்குவது அவரைக் குறைத்துப் பேசுவதாகிவிடும். "கேன் ஐ கிவ் யூ எ ஹேண்ட்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

உதவி வேண்டாமென்றால் "நோ நீட்" என்று வெட்டிவிடாமல் "தேங்க்ஸ், ஐ கேன் மேனேஜ்" எனலாம். யாராவது நன்றி சொன்னால் "நோ மென்ஷன்" வேண்டாம். "டோண்ட் மென்ஷன் இட்" அல்லது "யூ ஆர் வெல்கம்" என்பதே வழக்கு.