சைலன்சர் சூட்டில் வெந்நீர் போடும் வேன்

அமெரிக்காவில் வீடு வீடாகப் போய் கார்பெட் கழுவித் தரும் வேன்களில் பலவற்றில் தண்ணீர் காய்ச்சத் தனி அடுப்பு கிடையாது. பம்பையும், அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் ப்ளோயரையும் ஓட்டுகிற எஞ்சினே வெந்நீரும் போட்டுக் கொடுத்துவிடும். பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது, மீதியில் பெரும்பகுதி கூலண்டிலும் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) புகையிலும் வீணாகப் போகிறது, நமக்கு வேண்டியது அந்த மீதிதான்.

எவ்வளவு வேண்டும்? நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 85க்கு ஏற்ற சுமார் 17 கிலோவாட். நம் குளியலறை 2 கிலோவாட் கீசர் எட்டு சேர்ந்த மாதிரி. பேட்டரியை வைத்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

பச்சைத் தண்ணீர் முதலில் கூலண்டிடம் போகட்டும். கேபின் ஹீட்டருக்குப் போகும் குழாயில் கிளை எடுத்து, அதை ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டும் கலக்காமல் ஒன்றின் சூட்டை மற்றதற்கு மாற்றும் கருவி) வழியாகச் சுற்ற விடுங்கள். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள், எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் எண்ணெய் கெட்டுப்போகும். கூலண்ட் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் அதைத் தாண்டிச் சூடாகாது. அதற்கு மேல் வேண்டும் என்றால்தான் புகை. வரிசையை மாற்றி பச்சைத் தண்ணீரை நேராகப் புகைப் பக்கம் விட்டால், புகையில் இருக்கும் ஈரம் அமிலமாகப் படிந்து குழாயை அரித்துவிடும். புகைப் பக்கத்து எக்ஸ்சேஞ்சர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பிறகு வரட்டும். கன்வெர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம்.

பலர் கோட்டை விடும் இடம் இனிமேல்தான். கார்பெட் கழுவுகிறவர் கைப்பிடி விசையைச் சில நொடிக்கு ஒருமுறை விடுவார். தண்ணீர் நின்றுவிடும், ஆனால் புகை நிற்காது. நின்ற தண்ணீர் அடைபட்ட இடத்திலேயே கொதித்து ஆவியாகும், அது குண்டுக்குச் சமம். அதனால் குறிப்பிட்ட சூடு வந்ததும் தண்ணீரைக் கழிவுத் தொட்டிக்குத் திறந்துவிடும் வால்வு ஒன்று, புகையைச் சுற்றுவழியில் திருப்பும் தகடு ஒன்று, இவை இரண்டும் சொதப்பினால் காப்பாற்ற, அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு, மூன்றும் கட்டாயம். ரிலீஃப் வால்வு சொட்டுகிறதே என்று அதை அடைக்கிற ஆளை வேன் பக்கமே விடாதீர்கள்.

வேனைக் கராஜுக்குள் நிறுத்தி ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சைலன்சர் வாய் வீட்டுக் கதவையும் ஜன்னலையும் பார்க்காமல் இருக்கட்டும். கம்பளிக் கார்பெட் என்றால் சூட்டை நன்றாகக் குறைத்துவிடுங்கள், சுருங்கும்.

தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் பாட்டிலைப் பாருங்கள். அளவு குறைந்தால் மட்டுமல்ல, ஏறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்: பம்ப் ஓடும்போது தண்ணீரின் அழுத்தம் கூலண்டைவிடப் பல மடங்கு அதிகம், ஓட்டை விழுந்தால் தண்ணீர்தான் கூலண்டுக்குள் புகும். பம்பை நிறுத்தியதும் கதை தலைகீழாகி, அடுத்த வீட்டில் குழந்தை தவழும் கார்பெட்டில் கூலண்ட் போய் விழலாம். அது விஷம், அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள்.